பத்திரம் பின்னறையில் இருந்தது

போன வருடம் ஆவணியில், ஒரு முகூர்த்த நாளன்று, பூந்தமல்லியில் நான் வேலை பார்க்கும் பத்திர எழுத்தர் அலுவலகத்தில் நடந்தது இது. நான் அங்கே உதவியாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். முத்திரைத்தாள் வாங்கி வருவது, சாட்சிக்கு ஆள் பிடிப்பது, டீ வாங்குவது என் வேலை. அதிகம் பேசமாட்டேன். யாராவது எதையாவது விளக்கினால், புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவேன்.

எங்களிடம் இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள் உண்டு. முன்னறையில் ஒன்று, பின்னறையில் ஒன்று. புதிதாக மாற்றினால் எங்கள் பழைய தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று முதலாளி அவற்றையே ஓட்டிக்கொண்டிருந்தார். டைப் அடிக்கும் பெண் முன்னறையில் உட்கார்ந்து ஒரு படத்தின் மேல் தட்டுவார், பத்திரம் திறக்கும். அதனால் பத்திரமெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கு ஓர் அக்காவுக்கும் தம்பிக்கும் பதிவு. செம்பரம்பாக்கம் பக்கம் இருவர் பேரிலும் இருந்த மனையில் தம்பி தன் பங்கை அக்காவுக்கு விட்டுக்கொடுக்கிறார். அந்த அம்மா திருவேற்காட்டில் வாடகை வீட்டில் இருந்தார்; பதிவு முடிந்தால்தான் வீடு கட்டத் தொடங்க முடியும். தம்பிக்கு அன்று இரவே வெளிநாட்டுக்கு விமானம். அவர் டோக்கனோடு பதிவு அலுவலகத்தில் காத்திருந்தார். அக்கா எங்கள் அலுவலகத்தில் இருந்தார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் பிரிண்டர் படுத்துவிட்டது. முதலாளி ஊரில் இல்லை. டைப் அடிக்கும் பெண் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் இருந்தார். போன் செய்தேன்.

"அண்ணா, பென் டிரைவ்ல போட்டு ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்துடுங்க, அங்க நம்ம எழுத்து இருக்கு. டெஸ்க்டாப்ல இருக்கறது ஷார்ட்கட், அத காப்பி பண்ணிடாதீங்க. சர்வர்ல போயி ஒரிஜினல் ஃபைல எடுங்க. புரிஞ்சுதா?"

ஒன்றும் புரியவில்லை. எதிரில் அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "புரிஞ்சுதும்மா" என்றேன்.

அவர் தினமும் தட்டும் அந்தப் படத்தையே பென் டிரைவில் போட்டேன். கிளம்பும்போது, ஆள் இல்லாத அறையில் கரண்ட் ஓடக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை என்பதால், பின்னறை மெயின் சுவிட்சை அணைத்தேன். அந்த அம்மாவும் கூட வந்தார்.

ஜெராக்ஸ் கடைக்காரர் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னா அண்ணாத்தே, ஊட்ட அங்கயே வுட்டுட்டு அட்ரஸ மட்டும் எட்துகினு வந்துகீறே? இதுல பத்திரம் இல்ல. எங்க கீதுன்னு வழி மட்டும்தான் கீது. அந்த மிசின் இங்க இல்லியே, எப்டி தொறக்கும்?"

வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். காது சூடாகிவிட்டது. அந்த அம்மா சிரிக்கவில்லை. "மணியாவுதுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஓடிவந்து முன்னறைப் பெட்டியில் அதே படத்தைத் தட்டினேன். இப்போது இங்கேயும் திறக்கவில்லை. இங்கிலீஷில் ஏதோ எழுதிய சின்னப் பெட்டிதான் வந்தது. நான் எடுத்துக்கொண்டு போனதில் பத்திரமே அழிந்துவிட்டதோ என்று பயந்தேன். மறுபடி போன் செய்தேன்.

"சர்வர் ஆன்ல இருக்காண்ணா?"

எது சர்வர்? கண் முன்னால் எரிந்த ஒரே விளக்கு முன்னறைப் பெட்டியுடையது. "இருக்கும்மா."

"அப்ப ஃபைலுக்குப் போற வழிதான் மாறியிருக்கணும். நான் வரேன்."

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். நேராகப் பின்னறைக்குப் போய்ச் சுவிட்சைப் போட்டார்; சர்வர் என்றது அங்கே இருந்த பெட்டியைத்தான். கொஞ்ச நேரத்தில் முன்னறையில் பத்திரம் திறந்தது. ஒரு வரிகூட அழியவில்லை. அவரே பென் டிரைவில் எடுத்துக்கொடுக்க, நான் ஓடிப்போய் பிரிண்ட் எடுத்தேன். பதிவு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது டோக்கன் நேரம் தாண்டியிருந்தது. முகூர்த்த நாள் கூட்டத்தில் இடையில் நுழைக்க முடியாது, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தம்பிக்கு நாளை இல்லை.

திரும்பி வந்ததும் அந்த அம்மா டைப் அடிக்கும் பெண்ணிடம் வெடித்தார். "இன்னாம்மா வேல செய்றீங்க? பத்திரத்த எங்க வெச்சோம்னுகூட ஒயுங்கா சொல்லத் தெரியாதா?"

அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை. குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "சாரிக்கா" என்றார். அதைப் பார்த்தபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அவங்க சரியாத்தான் சொன்னாங்கம்மா. எனக்குத்தான் புரியல. புரிஞ்சுதுன்னு சொல்லிட்டேன்."

அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "என் தம்பி வெளிநாட்டுல ஒரு குடோன்ல கம்ப்யூட்டர் வேலதான்ணா பாக்குறான். தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பதிவு ஆபீசுலேந்து அவன கூப்ட்டிருப்பேனே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தன் சார்பில் வேறொருவர் கையெழுத்திட அங்கிருந்தே பவர் எழுதி அனுப்ப தம்பி முயன்றார், தூதரகம் போக லீவு கிடைக்கவில்லையாம். அடுத்த விடுப்பு வரை பதிவு நிற்கிறது. போன மாதம் அந்த அம்மா ஏதோ நகல் வாங்க வந்தார். என்னிடம் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடித்துவிட்டு, வீட்டுக்காரர் மறுபடி வாடகை ஏற்றிவிட்டார் என்று டைப் அடிக்கும் பெண்ணிடம் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் டம்ளரைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போய் நின்றேன்; எனக்குத் தெரியாது என்று சொல்லக் கூசிய அந்த ஒரு நொடிக்கு, இன்னும் அவர்தான் வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறார்.