கதவுக்குப் பின்னால் கேட்ட கேம் மியூசிக்

அண்ணன் போனில் கேம் ஆடியதே அதில் வரும் மியூசிக்குக்காகத்தான். எதிரி வருவதற்கு முன்பே தாளம் மாறும். "கேளு, இப்ப வருவான் பாரு," என்று என் காதில் இயர்போனைச் செருகுவான்.

மாமாவுக்கு அது ஆகாது. "இன்னாடா இது, டொய்ங் டொய்ங்னு? இத்த கேட்டுக்கினு இருந்தா சோறு துன்ன முடியுமா?" என்று ஒருநாள் அவன் ஸ்பீக்கரைக் கிணற்றில் எறிந்தார். எங்கள் ஊர் பிச்சாட்டூரில் இருந்தவனைத் தடா என்ற ஊருக்குக் கம்பெனி வேலைக்குத் துரத்தியதும் அவர்தான். அங்கே ஷிப்ட் முடிந்து ரோட்டைக் கடக்கும்போது லாரி மோதி அண்ணன் செத்துப்போனான்.

காரியத்தன்று அவனுக்குப் பிடித்ததையெல்லாம் படைத்தோம். செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று எங்கள் வீட்டில் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திவைப்பார்கள்; திறந்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சாப்பாடு. சாத்துவதற்கு முன் நான் படையல் இலைக்குப் பக்கத்தில் அவன் போனை வைத்து, அந்த மியூசிக்கை முழுச் சத்தத்தில் போட்டுவிட்டு வந்தேன்.

வெளியே மாமா பசியில் நெளிந்தார். "எப்ப நிக்கும் இது?"

"ஆடறவன் முடிச்சாத்தான் நிக்கும் மாமா. அதுவரைக்கும் சுத்திச் சுத்தி வரும். முடிவும் ஆரம்பமும் எங்க ஒட்டியிருக்குதுன்னே தெரியாது, நல்லா கேளு."

"கதவத் தொற."

"அவன் துன்னுக்கினு இருக்கான். எப்படித் தொறக்கறது?"

அவர் அம்மாவைப் பார்த்தார். "இருக்கட்டும், துன்னட்டும்," என்றாள் அம்மா.

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அவர் தெருமுனை தாண்டிய பிறகுதான் கதவைத் திறந்தேன். அவருக்கென்று எடுத்துவைத்த இலையில் நானே உட்கார்ந்து, மியூசிக்கை நிறுத்தாமல், வயிறு முட்டச் சாப்பிட்டேன்.