அக்கா வைக்காத கையெழுத்து

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாருடைய நினைவு மலராவது அக்காவின் கைக்கு வந்தால், அவர் படத்தைப் பார்க்கும் முன்பே, "இதை ஆர் எழுதினது? உள்ளதை எழுதியிருக்கினமோ, நல்லதை மட்டும் எழுதியிருக்கினமோ?" என்று கேட்பார். ஆகவே அவருடைய கூடப்பிறந்த ஒரே தம்பியாகிய நான், இந்த முதலாம் ஆண்டுத் திதியில், நல்லதை மட்டும் எழுதிவிட்டுப் போக விரும்பவில்லை.

வலிகாமம் வடக்கில், கடலோரக் கிராமம் ஒன்றில் அக்கா பிறந்தார். அப்பா தபால் கந்தோரில் வேலை பார்த்தார். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வைரவர் கோயிலும், பூவரச மரங்களும், ஒரு கேணியும் இருந்தன. ஆடி அமாவாசையன்று தகப்பனை இழந்தவர்கள் அந்தக் கேணியில் முழுகி விரதம் இருப்பார்கள். அந்த நிலம் ஐந்து குடும்பங்களின் முதுசம், பரம்பரைச் சொத்து. கோயில் தேவைக்கன்றி வேறெதற்கும் பயன்படுத்துவதில்லை என்று எங்கள் பூட்டனார் காலத்திலேயே உறுதி எழுதி வைத்திருந்தார்கள்.

போர்க் காலத்தில் ஒரு நாள் ஊரை விட்டு எழும்பச் சொல்லி இராணுவத்தினர் அறிவித்தார்கள். சில நாளில் திரும்பிவரலாம் என்றார்கள். அப்பா அதை நம்பி, வீட்டைப் பூட்டிவிட்டு மாற்றுடுப்புடன் மட்டும் புறப்பட்டார். அக்கா தையல் மெசினையும் தூக்கிக்கொண்டு வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "திரும்பி வரலாமெண்டு சொன்னவன் எங்கடை முகத்தைப் பாத்துச் சொல்லேல்லை" என்றார். அப்போது அவர் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. ஊர் முழுவதும் உயர் பாதுகாப்பு வலயமாகி, அப்பாவும் அம்மாவும் அதை மறுபடி பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்கள். இடம்பெயர்ந்த காலம் முழுவதும் எங்களுக்குச் சோறு போட்டது அந்த மெசின்தான்.

பிரான்சுக்கு வந்தபின் அக்காவின் முதல் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. விசாரணையில் மொழிபெயர்த்தவர் இவர் சொன்னதைக் குறைத்தும் மாற்றியும் சொல்லியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அக்கா பிரெஞ்சு படித்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு படித்தார். அத்தான் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் மரக்கறிக் கடையில் நின்று உழைத்துத் துணை நின்றார். இரண்டாவது விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்ட பின்னும் அக்கா படிப்பை நிறுத்தவில்லை. தானே மொழிபெயர்ப்பாளர் ஆனார். அத்தான் இளவயதிலேயே காலமானார். மகள் ஆரணியை அதற்குப் பக்கத்து மார்க்ஸ் டோர்மோயில் உள்ள சிறிய வாடகை வீட்டில் வைத்துத் தனியாக வளர்த்தார்.

வதிவிட அனுமதி வழங்கும் பெர்பெக்தூர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதங்களோடு எத்தனையோ பேர் அந்த வீட்டுப் படியேறியிருக்கிறார்கள். இதை வாசிப்பவர்களில் பலர் அவர்களில் ஒருவராக இருப்பீர்கள். ஒரு சதமும் வாங்காமல் வாசித்துச் சொல்வார். ஆனால் கடிதத்தைத் தொடும் முன், "இதை இதுக்கு முதல் ஆருக்குக் காட்டினீங்கள்? அவர் என்ன சொன்னவர்?" என்று கேட்பார். சிலருக்கு அது பிடிக்காது. எனக்கும் பல முறை பிடித்ததில்லை. அக்காவின் சந்தேகம் அந்நியரை மட்டும் பார்ப்பதல்ல. அன்பாகக் கொடுத்த பலகாரத்துக்கும் காரணம் தேடுவார். அவரோடு மனம் கசந்து விலகியவர்கள் உண்டு; அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு.

போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின் எங்கள் ஊரின் அந்தப் பகுதியை விடுவித்தார்கள். கோயில் கூரையில்லாமல் நின்றது. கேணியில் தண்ணீர் இருந்தது. மக்கள் திரும்பிப் போய்த் துப்புரவாக்கி, மறுபடி ஆடி அமாவாசை விரதம் தொடங்கினார்கள். அதற்குச் சில காலத்தின் பின் எங்கள் சித்தப்பாவின் மகன், பாரிஸ் புறநகரான ஸ்தேனில் இருக்கும் தம்பி, ஐந்து குடும்பத்துப் பிள்ளைகளையும் லாச்சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடிக்கு அழைத்தார். அங்கே கோட்டுப் போட்ட ஒருவர் மடிக்கணினியோடு காத்திருந்தார். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. இந்த மலர் அவருடைய கைக்கும் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும்.

கடற்கரை உல்லாச விடுதி ஒன்றைக் கட்டப்போவதாக அவர் சொன்னார். படங்கள் மிக அழகாக இருந்தன. ஓலைக் கூரை வேய்ந்த சிறுவீடுகள், யோகா மண்டபம், கடலைப் பார்த்த உணவகம். நடுவில் வைரவர் கோயில், புது வண்ணத்தில், சுற்றிவரப் புல்தரை. "கோயிலை நாங்களே புதுசாக் கட்டித் தருவம். வாற வெள்ளைக்காரரும் கும்பிடுவினம்" என்றார். உறவுகள் தலையாட்டினார்கள். அக்கா திரைக்குக் கிட்டப் போய் நின்றார்.

"கேணி எங்கை?"

"அதிலைதான் அக்கா நீச்சல் தடாகம் வருது. கேணி இப்ப பாவனையிலை இல்லைத்தானே."

"போன ஆடியிலையும் சனம் முழுகினது."

"அவைக்கு வேறை இடம் ஒழுங்கு செய்வம்."

"எந்த இடம்?"

அவர் சிரித்தார். கடை முதலாளி தேநீர் கொண்டு வந்தார்.

நிலம் கைமாறுவதற்கு எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் தேவை. அக்கா வைக்கவில்லை. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "நீ முன்னமே வைச்சிட்டியோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை. அன்றிலிருந்து ஸ்தேன் தம்பியோடு பேசுவதையும் விட்டுவிட்டார்.

அந்த நாட்களில்தான் அக்காவோடு வேலை செய்யும் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் கொலெத் அம்மையார், சென் தெனியில் நடந்த ஒரு கூட்டத்துக்கு அவரை அழைத்தார். அமெரிக்காவிலிருந்து லக்கோட்டா என்ற பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெண் பேச வந்திருந்தார். தங்கள் புனித மலைகளில் கட்டப்படவிருந்த உல்லாச விடுதியை எதிர்க்கும் மக்களில் ஒருவர். "ஆர் இதை ஒழுங்கு செய்யினம், ஏன் எண்டு பாக்கவேணும். நீயும் வா" என்று அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

இறகுத் தலைப்பாகையை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். அக்காவின் வயதையொத்த, மழைச்சட்டை அணிந்த, களைத்த முகமுள்ள ஒருவர். அவர் ஆங்கிலத்தில் பேச, கொலெத் பிரெஞ்சில் சொன்னார். என் பிரெஞ்சு கடைக்கும் மெட்ரோவுக்கும் மட்டுமே போதும் என்பதால், அக்கா என் காதருகில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த மலையள் எப்பவும் தங்கடையெண்டு அமெரிக்க அரசாங்கமே ஒப்பந்தம் எழுதிக் குடுத்ததாம். பிறகு அங்கை தங்கம் கிடக்கெண்டு தெரிஞ்ச உடனை பறிச்சிட்டினமாம். கனகாலத்துக்குப் பிறகு அவையின்ரை பெரிய நீதிமன்றமே அது பிழையெண்டு சொல்லி, நட்டஈடு குடுக்கச் சொன்னதாம். இவை இண்டைவரைக்கும் அந்தக் காசைத் தொடேல்லையாம்."

"வசதியான ஆக்களோ?"

"இல்லையாம். சரியான கஷ்டமாம். ஆனா வாங்கினா வித்ததாப் போயிடுமாம்."

அதன்பின் விடுதியைப் பற்றிச் சொன்னார். கோல்ஃப் மைதானம் வருமாம். வேலை தருவார்களாம். அவர்களுடைய பண்பாட்டுக்கென்று ஒரு மண்டபமும் கட்டித் தருவார்களாம். அதைக் கேட்டதும் அக்கா மொழிபெயர்ப்பதை நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் இருவரும் ஒரே படத்தைத்தான் நினைத்தோம்.

கேள்வி நேரத்தில் அக்கா எழுந்தார். முதல் கேள்வி, அவருடைய விமானச் சீட்டை யார் எடுத்துக் கொடுத்தது என்பது. மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அந்தப் பெண் கோபிக்கவில்லை. தன் ஊர்த் தேவாலய மண்டபத்தில் சமைத்து விற்றுத் தாங்களே சேர்த்தது என்று சொல்லி, இந்தக் கேள்வியைத் தானும் எல்லோரிடமும் கேட்பதாகச் சொன்னார். இரண்டாவது கேள்வியும் பதிலும் எனக்கு விளங்கவில்லை. முதலாவதைச் சொன்னதுபோல அக்கா அதை எனக்குத் தமிழில் சொல்லவுமில்லை. மெட்ரோவுக்குக் காத்து நின்றபோதுதான் கேட்டேன்.

"உங்கடை ஆக்களுக்குள்ளையே அந்தப் பக்கம் நிண்டவை இல்லையோ எண்டு கேட்டனான். தன்ரை கூடப்பிறந்த தம்பியே விடுதிக்காரரோடை நிண்டவனாம். அவனுக்கு இப்பவும் தன்ரை வீட்டிலைதான் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடாம்."

"அதெப்பிடி அக்கா?"

"அவனோடை நாங்கள் கதைக்காட்டி, பிறகு விடுதிக்காரன் மட்டும்தான் அவனோடை கதைப்பானாம்."

அந்த வாரமே அக்கா ஸ்தேன் தம்பியைச் சாப்பிட அழைத்தார். நான் வியந்தபோது, "பாசத்திலை எண்டு நினைக்காதை. கண்ணுக்கு முன்னாலை இருக்கட்டும்" என்றார். அவர் வந்தார். கணவாய்க் கறியோடு சாப்பிட்டார். அடுத்த கிழமையும் வந்தார். மூன்றாவதோ நான்காவதோ முறை, சாப்பிட்ட கையோடு, மனம் பொறுக்காமல் சொன்னார்: "அக்கா, நீங்கள் ஒராள்தான் மிச்சம். மற்ற எல்லாரும் வைச்சாச்செண்டு அந்த விடுதிக்காரர் சொல்லித்தான் நானும் வைச்சனான்."

"என்னையும் சேத்தோ?"

"ஓம். நீங்களும் சம்மதிச்சிட்டதா முதல் சொன்னவர். பிறகுதான் இல்லையெண்டு தெரிஞ்சது."

அக்கா கையைக்கூடக் கழுவவிடாமல் அவரை இருத்தி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தொலைபேசி எடுக்க வைத்தார். லண்டனில் இருந்தவருக்குப் பாரிஸ்காரர் எல்லோரும் வைத்துவிட்டதாகச் சொல்லப்பட்டிருந்தது. பாரிஸ்காரருக்கு லண்டன்காரர். கனடாவில் இருந்தவருக்கு நாங்கள். தம்பி வைத்திருந்தார்; ஆனால் ஐந்தில் ஒரு குடும்பமேனும் முழுதாகக் கையெழுத்து வைத்திருக்கவில்லை. தம்பி அந்த மேசையிலேயே அழுதார். அக்கா தேற்றவில்லை. தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். இதை எழுதுவதற்குத் தம்பி சம்மதம் தந்தார். எழுதத்தான் வேண்டும் என்று சொன்னதும் அவரே.

அதன்பிறகு லாச்சப்பலில் கதைகள் உலாவின. அக்கா வேறொரு விடுதிக்காரரிடம் பேசி வைத்திருக்கிறார் என்றும், முழு நிலத்தையும் தானே எடுக்கப் பார்க்கிறார் என்றும் சொன்னார்கள். யார் கிளப்பிவிட்டது என்று எனக்குத் தெரியும். பூக்கடையில் அக்காவைக் கண்டு பேச்சை நிறுத்தியவர்களையும் தெரியும்.

உடல் நலம் குறையத் தொடங்கியிருந்தும், அடுத்த ஆடி மாதம் அக்கா ஊருக்குப் போனார். நானும் கூடப் போனேன். கையெழுத்துகள் சேரும் முன்பே கேணியருகில் விடுதிக்காரர் கம்பி வேலி போட்டிருந்தார். கோயிலைப் பார்த்து வரும் மகேஸ் என்ற பெண்மணி எங்களை வாசலிலேயே நிறுத்தினார்.

"பிரான்சிலை இருந்து வாறவை எல்லாரும் முதல் கேணியைத்தான் பாக்கினம். பிறகுதான் வேலி வருது."

"நான் கையெழுத்து வைக்கேல்லை" என்றார் அக்கா.

"வைச்சவையும் அப்பிடித்தான் சொல்லுறவை."

வாழ்நாள் முழுக்க மற்றவரைச் சந்தேகித்தவர் முதல் முறையாகத் தன்னை ஒருவர் அப்படிப் பார்ப்பதை அனுபவித்தார். முகம் சிவந்தது. சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் அக்கா கோயில் படியில் இருந்துகொண்டு நிதானமாகச் சொன்னார்: "நம்பாதையுங்கோ. நான் திரும்பிப் போன பிறகும் கேளுங்கோ. நான் செத்தா என்ரை பிள்ளையையும் கேளுங்கோ. கேக்கிறதை மட்டும் விடாதையுங்கோ."

அமாவாசையன்று ஊர்ச்சனம் வேலியை விலக்கிக்கொண்டு இறங்கியது. அக்கா அப்பாவை நினைத்து அந்தக் கேணியில் முழுகினார். மகேஸ் விரதச் சாப்பாட்டுக்கு அக்காவுக்கும் ஓர் இலை போட்டார்.

பாரிஸ் திரும்பியதும் நோய் இன்னதென்று தெரிந்தது. மருத்துவமனையிலும் அக்கா அக்காவாகவே இருந்தார். ஒவ்வொரு மருந்துக் குளிசைக்கும் காரணம் கேட்டார். கடைசி வாரங்களில் வலி கூடியபோதும் யார் வந்து போனார்கள், என்ன கதைத்தார்கள் என்று விசாரித்தார். ஒரு மாலை என்னைப் பார்த்து, "நீ வைக்கேல்லையெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். மகளின் கை தன் கைக்குள் இருக்க, அமைதியாக விடைபெற்றார்.

இறுதிக் கிரியைக்குக் கோட்டுப் போட்ட அந்த மனிதரும் மாலையோடு வந்தார். எல்லோரும் வெளியே நின்றபோது ஆரணியைத் தனியே அழைத்து, "கோயில் நல்லா வரவேணுமெண்டதுதானே அம்மான்ரை கடைசி ஆசை" என்று சொன்னது என் காதில் விழுந்தது. இனி அந்தக் கையெழுத்துக்கு உரியவள் அவள் என்பது அவருக்குத் தெரியும். ஆரணி தமிழ் விளங்கினாலும் பிரெஞ்சில்தான் பதில் சொல்வாள். அழுது வீங்கிய கண்களோடு, எனக்குக்கூட விளங்கும் சிறு சொற்களில் அவள் கேட்டாள்: "அம்மா அதை உங்களிடம் எப்போது சொன்னார்? எந்த இடத்தில்? பக்கத்தில் யார் இருந்தார்கள்?" அவள் மாலையைத் திருப்பிக் கொடுத்தாள்.

வேலி இன்னும் இருக்கிறது. ஊர் மக்கள் தொடுத்த வழக்கும் இருக்கிறது. இது வெற்றி என்று எழுத என்னால் முடியாது. கேணி தூர்க்கப்படவில்லை. அவ்வளவுதான்.

அக்காவைக் கடைசிவரை பராமரித்த தாதியருக்கும், பிரியாவிடைக்கு வந்தவர்களுக்கும், வர முடியாமல் தொலைவிலிருந்து அழுதவர்களுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த ஐயாவுக்கும், எல்லா நாளும் சமைத்து அனுப்பிய மார்க்ஸ் டோர்மோய் அயலவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தோள் கொடுத்த ஸ்தேன் தம்பிக்கு நன்றி. தன் வீட்டிலும் ஒரு விளக்கேற்றியதாகக் கொலெத் மூலம் சொல்லியனுப்பிய அந்த லக்கோட்டா அம்மையாருக்கு நன்றி. வேறு நோக்கத்தோடு வந்தவர்களுக்கு நன்றி சொல்லவில்லை. வந்ததைக் கண்டோம் என்பதை மட்டும் தெரிவிக்கிறோம்.

வரும் ஆடி அமாவாசைக்கு ஆரணி ஊருக்குப் போகிறாள். தாய்க்குரிய விரதம் சித்திரைப் பூரணை என்பது அவளுக்குத் தெரியும். தகப்பனுக்காக முழுகப் போகிறாள். போவதைத் தொலைபேசியில் மகேஸ் அவர்களுக்குச் சொன்னேன்.

"வரட்டும்" என்றார். "அவவையும் கேப்பம்."