நசரத்பேட்டை நாய் உயிரோடு இருக்கிறதா?

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த ர, எந்த ற என்று இன்றும் தடுமாறுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஆராய்ச்சிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஃபீல்டு அட்டெண்டர்களிடம் என் அனுபவத்தைச் சொல்லும்படி டாக்டரம்மா சொன்னார். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

1. என் வேலை

பூந்தமல்லி பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எங்களுக்கு இரண்டு அறை. தசையும் நரம்பும் வீங்கிக் கை கால் விழுந்துபோகிற நோய்களைப் பற்றி ஆராய்ச்சி. நான் சேர்ந்த எண்பதுகளில் அதில் ஒரு பங்கு நாய்க்கடி ஊசியைப் பற்றியது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு நாள் போடுவார்களே, அந்த ஊசி. ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்து. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. எங்கோ ஒருவருக்கு மட்டும், அந்த மருந்தை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு தன் நரம்பையே தாக்கிவிடும். கால் மரத்துப்போகும், பிறகு விழும். மூச்சு வரைக்கும் ஏறலாம்.

ஊசி போட்டுக்கொள்கிறவர்களை வீட்டில் போய்ப் பார்ப்பது என் வேலை. குந்தி எழுந்திருக்கச் சொல்வேன். ஒன்றுக்குச் சரியாகப் போகிறதா என்று கேட்பேன். மாறுதல் தெரிந்தால் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டி வருவேன்.

2. தேவராஜ்

தேவராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். நசரத்பேட்டையில் மச்சான் வீட்டுக்குப் போன இடத்தில் நாய் கடித்துவிட்டது. ஊசி பாதிக்கு மேல் முடிந்திருந்தது. அன்று காலை நான் போனபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"எழுந்திருங்க" என்றேன்.

"கால் எங்க கீதுன்னே தெரியல சார்" என்றார். சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முட்டியில் சுத்தியால் தட்டிப் பார்த்தார். கால் அசையவில்லை. வெளியே வந்து என்னிடம் சொன்னார்:

"ஏழுமலை, ஊசியை நிறுத்தினா, கடிச்சது வெறிநாயா இருந்தா ஆள் பிழைக்க மாட்டார். தொடர்ந்து போட்டா இந்த ஊசியே மூச்சை நிறுத்திடும். ஆட்டு மூளை சேராத ஊசி ஒண்ணு வந்திருக்கு. சிட்டிக்கு ஆள் அனுப்பியிருக்கேன், கிடைக்குமான்னு தெரியல. கடிச்சு பத்து நாள் தாண்டிடுச்சு. அந்த நாய் இன்னிக்கு நல்லபடியா உயிரோட இருந்தா அதுக்கு வெறி இல்ல. போய்ப் பார்த்துட்டு வா. மத்தியானம் அடுத்த ஊசி."

தேவராஜின் மனைவி மேரி, கடித்த இடத்தை வைத்து அது இட்லிக் கடை மல்லிகா வளர்க்கிற நாயாகத்தான் இருக்கும் என்றார். மேரியின் தம்பி அந்தோணி, அந்த நசரத்பேட்டை மச்சான், பக்கத்தில் நின்றிருந்தான். கடித்தபோது கூட இருந்தவன் அவன்தான். மறுநாளே கம்போடு போய்த் தேடியிருக்கிறான்; நாயைக் காணவில்லை.

"சும்மா போனவர கடிச்சுது அண்ணாத்தே. கண்டா அங்கியே அடிச்சிப் போட்டுடுவேன்."

"அது செத்தா உங்க மாமாவுக்குத்தான் கெடுதல்" என்றார் டாக்டரம்மா. நான் சைக்கிளை எடுத்தேன். அவனும் தன் சைக்கிளில் பின்னாலேயே வந்தான்.

3. இட்லிக் கடை

அந்தோணியை முனையில் நிற்கச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். போனதும் கேட்டுவிட்டேன்.

"நாய் எங்கம்மா?"

"எந்த நாயி?"

"கடிச்ச நாய்."

"அதுவா? செத்துப்பூட்ச்சு. லாரில மாட்டிகிச்சு."

"எங்க பொதச்சீங்க?"

"இன்னா நைனா, நாய்க்குக் கல்லறையா கட்டுவாங்க? குப்ப வண்டில தூக்கிகினு பூட்டாங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சைக்கிள் வரைக்கும் போனேன். இந்தப் பதிலோடு திரும்பினால் டாக்டரம்மா என்ன செய்வார்? லாரியில் அடிபட்ட நாய்க்கு வெறி இருந்ததா இல்லையா என்று யார் சொல்வது? திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"இன்னும் இன்னாத்துக்குக் குந்திகினு கீற?"

"இட்லி குடும்மா."

வைத்தாள். வாயில் வைக்க முடியவில்லை. இலையைப் பார்த்தபடியே சொன்னேன்:

"கடிபட்டவருக்கு ரெண்டு காலும் விழுந்துடுச்சும்மா. கடியால இல்ல, ஊசியால. நாய் உயிரோட இருந்தா ஊசிய நிறுத்திடலாம். செத்துப்போச்சுன்னா இன்னா பண்றதுன்னு டாக்டருக்கே தெரியல. அவுங்க சம்சாரம் அங்க வாசல்ல நிக்கிறாங்க."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீ நாய் புடிக்கிற ஆளு இல்லியா?"

"ஆஸ்பத்திரிம்மா."

"புடிச்சிகினு போவ மாட்டியே?"

"பாத்துட்டுப் போயிடுவேன்."

"குத்தம்பாக்கத்துல என் தங்கச்சி ஊட்ல கட்டி வெச்சிகீறேன். அந்தப் பையன் கம்ப எடுத்துகினு வந்தான், அதான்."

எனக்கு நிம்மதி வரவில்லை. சற்று முன்பு செத்த நாய் இப்போது உயிரோடு இருக்கிறது. இரண்டில் எது பொய்? இரக்கப்பட்டு ஏதோ ஒரு நாயைக் காட்டிவிட்டால்? தேவராஜைத் தவிரக் கடித்த நாயைப் பார்த்தவன் அந்தோணி ஒருவன்தான். கைகாட்டிக் கூப்பிட்டேன். அவனைப் பார்த்ததும் மல்லிகா திரும்பிக்கொண்டாள்.

"இவன் வந்தா நான் வர மாட்டேன்."

"அவரு தொட மாட்டாரும்மா. நான் பொறுப்பு" என்றேன். அவள் பாதுகாப்புக்குக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு என் சைக்கிள் கேரியரில் ஏறினாள்.

4. குத்தம்பாக்கம்

கொட்டகையில் செவலை நாய் ஒன்று படுத்திருந்தது. மல்லிகாவைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. தண்ணீர் வைத்தாள், குடித்தது. சோறு போட்டாள், தின்றது.

"இதுதானா?" என்று அந்தோணியைக் கேட்டேன்.

"அன்னிக்கு இருட்டிப் போச்சு அண்ணாத்தே. செவல நாயி, அவ்ளோதான் தெரியும்."

நசரத்பேட்டையில் செவலை நாய்க்கா பஞ்சம்?

நாய் எழுந்தது. வலது பின்னங்காலை ஊன்றவில்லை. தொடையில் காய்ந்துவரும் புண். அதைப் பார்த்ததும் அந்தோணி அப்படியே குந்திவிட்டான்.

"எவனோ ஒரு பாவி கல்லால அடிச்சிட்டான்" என்றாள் மல்லிகா. "இவனதான் கேட்டேன். நான் அடிக்கலன்னு மாதா மேல சத்தியம் பண்ணான்."

நான் மெதுவாகச் சொன்னேன்: "அந்தோணி, மாமா அங்க படுத்துகினு கீறாரு."

அவன் சொன்னான்: "நான்தான் அடிச்சேன். அரச் செங்கல்லு. அது பாட்டுக்குப் படுத்துகினு இருந்துச்சு, வெளையாட்டுக்கு வுட்டேன். அந்தக் கால்லதான் பட்டுது. என் மேல பாயாம மாமா மேல பாஞ்சிடுச்சு."

மல்லிகா சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை அவன் மூஞ்சியில் ஊற்றினாள். "பொய் சத்தியம் பண்ற வாயா அது?"

"நீ மட்டும் செத்துப்பூட்ச்சுன்னு சொல்லலியா?" என்றான் அவன், முகத்தைத் துடைக்காமலே.

5. போன்

ரைஸ் மில்லில் கெஞ்சி போன் வாங்கினேன். டாக்டரம்மா எடுத்தார்.

"கடிச்ச நாய்தானா? நிச்சயமா?"

"அதேதாம்மா. அடிச்சவரே காயத்தப் பாத்துச் சொல்றாரு."

"அடிச்சாரா? சும்மா போனவரைக் கடிச்சதுன்னுதானே எழுதியிருக்கு?"

"இல்லம்மா. அடி வாங்கினப்புறம்தான் பாஞ்சிருக்கு."

காரணமில்லாமல் கடிக்கிற நாயைத்தான் வெறிநாய் என்று முதலில் சந்தேகப்படுவார்கள். அந்தோணி மறைத்தது அவன் மாமாவைத்தான் கெடுத்திருக்கிறது.

"தண்ணி குடிக்குதா?"

"குடிக்குதும்மா. சோறும் தின்னுச்சு."

"சரி. ஊசியை நிறுத்திடறேன்."

அதோடு ஆபத்து நீங்கிவிடவில்லை. அடுத்த இரண்டு நாள் பலவீனம் கைக்கு ஏறியது. தண்ணீர் விழுங்கத் திணறினார். டாக்டரம்மா ஸ்டீராய்டு கொடுத்துவிட்டுக் கட்டில் பக்கத்திலேயே இருந்தார். மூன்றாம் நாள் ஏறுவது நின்றது. கால் விரல் அசைய வாரக்கணக்கில் ஆனது. பிறகு சுவரைப் பிடித்து நடந்தார். கம்பெனியில் அவருக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள்.

6. புதியவர்களுக்கு

இந்த ஊசியை இன்றும் சில இடங்களில் போடுகிறார்கள். நீங்களும் வீடு வீடாகப் போவீர்கள். என்னைப் போல் போனதும் "நாய் எங்கே" என்று ஆரம்பிக்காதீர்கள். யாருக்கு என்ன ஆகியிருக்கிறது, எதற்காகக் கேட்கிறோம் என்பதை முதலில் சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருங்கள். உடனே எழுந்து வந்தால் முதல் பதில்தான் கையில் இருக்கும். முதல் பதிலை வைத்துக்கொண்டு ஒருவருக்கு ஊசி போடவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

ஆவடி
2 ஜூலை 1998, வியாழன்