அக்காவின் சிறுநீரகத்தோடு சுரக்குடிக்குப் பொங்கல் சீர்

எனக்குள் வேலை செய்வது என் அக்கா கொடுத்த சிறுநீரகம். அறுவை சிகிச்சை முடிந்து வந்த முதல் பொங்கலுக்கு டாக்டர் எங்கும் நகரவிடவில்லை. இந்த வருஷம் சரி என்றதும் சுரக்குடியில் வாக்கப்பட்ட அக்காவுக்குச் சீர் கொடுக்கக் கிளம்பிவிட்டேன். உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் ஊர் போகலாமா என்று கேட்கிறீர்களே, உங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. தாராளமாகப் போகலாம், கொஞ்சம் உஷாராக.

மயிலாடுதுறையில் காலை ஏழரைப் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கோட்டுச்சேரி வழியாகக் காரைக்கால் சேர ஒன்றேகால் மணி நேரம். பேருந்து நிலையத்துக்கு வெளியே கரும்பும் மஞ்சள் கொத்தும் வெல்லமும் வாங்கிக்கொண்டு, இருநூற்றைம்பது ரூபாய் பேசி ஆட்டோ பிடித்தேன். சனிக்கிழமை வந்தால் திருநள்ளாறு சாலையில் வண்டி நகராது என்றார் ஓட்டுநர். எனக்கும் கூட்டம் ஆகாது, அதனால்தான் வியாழனாகப் பார்த்து வந்தேன். சுரக்குடி நெருங்க நெருங்க அறுவடைத் தூசி. முகக்கவசம் இல்லாவிட்டால் என் பாடு திண்டாட்டம்தான்.

அக்கா சீரைத் தட்டில் பரப்பிக்கொண்டிருந்தபோது பத்து மணி அலாரம் அடித்தது. நான் மாத்திரைகளைப் பிரித்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது.

"ஏன்டா தம்பி, ஒரே வயித்துல பொறந்தவ குடுத்ததுதானே. அதுக்குமா இம்புட்டு மாத்திரை?"

தட்டைக் காட்டியே விளக்கினேன். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் உள்ளே இருப்பதில் ஒரு துணுக்கை எடுத்து, தட்டில் வைத்து வெளியே நீட்டும். டி செல்கள் என்ற காவல்காரர்கள் துணுக்கையும் தட்டையும் சேர்த்தே பார்ப்பார்கள். கிருமியின் துணுக்கு இருந்தால் அந்தச் செல்லைத் தீர்த்துவிடுவார்கள். தட்டு ஆளுக்கு ஆள் மாறும்; சிறு வயதிலேயே நம் சொந்தத் தட்டைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். அக்காவின் தட்டுகளில் பாதிதான் என்னுடையவற்றோடு பொருந்தின. மீதியைப் பார்த்துச் சண்டைக்கு வராமலிருக்கத்தான் மாத்திரை.

"அப்ப உன் உடம்புக்கு நான் இன்னும் வேத்து ஆளா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஏன்தான் வாயைத் திறந்தோமோ என்றிருந்தது. பாதி உடம்பையே கொடுத்தவளிடம் பாடம் நடத்தியிருக்கிறேன்.

மதியம் முகம் கொடுக்காமல் சாப்பிடக் கூப்பிட்டாள். சுடச்சுடச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டாள். தோட்டத்துப் பம்பளிமாஸை மட்டும் எடுத்து மறைத்துவைத்தாள். அது மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்று என்றோ நான் சொன்னதை நினைவில் வைத்திருந்தாள். நீங்களும் அதைத் தொடாதீர்கள். கொதித்து ஆறிய தண்ணீர் கையில் இருக்கட்டும், குளத்தில் இறங்க வேண்டாம், மாத்திரையை இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள்.

மூன்று மணிக்கு ஆட்டோ வந்தது. அக்கா வாசல் வரை வந்து தண்ணீர் பாட்டிலை என் பையில் செருகினாள்.

"நாம சண்டை போடாமயாடா வளந்தோம்? உன் ஒடம்பும் என் கிட்னியும் உள்ள போட்டுக்கிட்டே கெடக்கட்டும். நீ வேளை தவறாம மாத்திரையப் போடு."