செல்லசாமி மாற்றிய பியூஸ் பெட்டி

செல்லசாமியும் சரிபுதீன் முதலாளியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால்தான் இதை எழுதத் துணிகிறேன்.

செல்லசாமி எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இஞ்சின் அறை ஆள். நான், வீரய்யா, அங்கேயே பெட்டிகளில் தேயிலை அடைக்கிறவன். வயரிங் வேலையை அவன் முறையாகப் படித்ததில்லை. பழைய இஞ்சின்காரரிடம் திட்டு வாங்கியே கற்றுக்கொண்டான். அக்கரப்பத்தனைக் கடைவீதியில் கரண்ட் இருந்த வீடுகளை அப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே விளக்கு எரியாவிட்டால் இவனைத்தான் தேடுவார்கள். இவன் குடியிருந்த லயத்துக் காம்பராவிலோ மண்ணெண்ணெய் விளக்கு. அதைச் சொல்லிக் கேலி செய்தால் சிரிப்பான். எனக்குத்தான் எரிச்சல் வரும்.

சரிபுதீன் முதலாளிக்குப் பலசரக்குக் கடை. கடைக்குப் பின்னால் வீடு. யுத்தத்துக்கு முன்னால் இழுத்த வயர், பனியிலும் ஈரத்திலும் ரப்பர் உளுத்து, தொட்டால் உதிரும். எல்லாவற்றையும் பிய்த்துப் புதிதாகப் போடவேண்டும் என்று செல்லசாமி எத்தனையோ தடவை சொன்னான். நோன்பு முடியட்டும் என்பார் முதலாளி, நோன்பு முடிந்தால் மழை முடியட்டும் என்பார். கஞ்சத்தனம் இல்லை, கடையை இரண்டு நாள் மூட மனம் வராது.

ஐம்பத்தொன்பதில் ஒரு பெருநாளுக்கு முதல் நாள் முதலாளி வீட்டில் பியூஸ் போய்க்கொண்டே இருந்தது. கையில் பியூஸ் கம்பி இல்லை. தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற ஈயத்தாள் துண்டு ஒன்று என் மடியில் இருந்தது. முதலாளி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, செல்லசாமி அதை வாங்கி முறுக்கி வைத்தான். எங்கள் பக்கத்தில் பியூஸ் போனால் எல்லோரும் செய்கிற வைத்தியம்தான் அது. தாளுக்கா பஞ்சம்? விளக்கு எரிந்தது. முதலாளியின் மனைவி சாரா உம்மா எங்கள் இருவருக்கும் வட்டிலப்பம் கொடுத்தனுப்பினார். மூன்றாம் நாள் செல்லசாமி போய்த் தாளை எடுத்துவிட்டுக் கம்பி போட்டான். நான் கூடவே இருந்தேன், என் கண்ணால் பார்த்தேன்.

இரண்டு வருஷம் கழித்துச் சாரா உம்மா நெஞ்சில் சளி கட்டிப் படுக்கையாகிவிட்டார். சீமைக்குப் போகிற துரை ஒருவர் ஏலம் போட்ட, குளிர்காயும் கரண்ட் அடுப்பை முதலாளி வாங்கிவந்து அவர் கட்டிலருகே வைத்தார். பத்து நாள் கழித்து, மழை கொட்டிய ஒரு மத்தியானம், கூரைக்குக் கீழே வயர் எரிந்து அந்த அறையே பற்றிக்கொண்டது. சாரா உம்மா மருந்து மயக்கத்தில் இருந்தார். தூக்கி வெளியே கொண்டுவந்தும் பிழைக்கவில்லை.

நாற்பதாம் நாள் ஓதுவதற்கு முன் வீட்டில் விளக்கு வரவேண்டும் என்று முதலாளி செல்லசாமியைக் கூப்பிட்டார். ஏணி பிடிக்க நான் போனேன். பழைய பியூஸ் பெட்டியைத் திறந்தவன் கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே, எரிந்த அறைக்குப் போகிற பியூஸில், நாலாக மடித்த ஈயத்தாள். அவன் வைத்ததல்ல. அடுப்புப் போட்டதும் பியூஸ் போயிருக்கிறது, பெருநாளைக்குப் பார்த்ததை முதலாளியே செய்திருக்கிறார்.

"சொல்லிடாதடா, மனுசன் தாங்க மாட்டாரு" என்றேன் மெதுவாக. அவன் தாளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

புதுப் பெட்டியை மாட்டிப் புது வயரும் இழுத்தோம். முதலாளியின் மகள் செரீபா படுக்கிற சின்ன அறை மட்டும் மிச்சம். அங்கே பழைய வயரிலேயே விளக்கைப் போட்டதும் பியூஸ் போய்விட்டது. முதலாளி கடைக்குள் போய் ஒரு காலித் தேயிலைப் பெட்டியிலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார்.

"இத வைங்க செல்லசாமி. நீங்க அன்டைக்குக் காட்டித் தந்ததுதானே. உம்மா மௌத்தானதுலேருந்து புள்ள வெளிச்சம் இல்லாம ஒறங்குறாள் இல்ல."

செல்லசாமி என்னைப் பார்த்தான். இன்றைக்குப் பேசாமல் போனால் நாளைக்கு இவரே வைத்துவிடுவார்.

"இத வைக்கவே கூடாதுங்க மொதலாளி. கம்பின்னா சூடு ஏறுனா அறுந்துரும், கரண்டு நின்னுரும். தாளு அறுந்து போகாது. வயருதான் எரியும். அன்னைக்கு எரிஞ்சதும் அதாலதாங்க."

முதலாளியின் முகம் செத்துப்போயிற்று. "அப்ப நான் வச்சது…"

"நீங்க வச்சது கடை வெளக்குக்குப் போற பியூஸுலங்க. அது ஒண்ணும் செய்யல. அந்த அறைக்குப் போறதுல நான் பெருநாளைக்கு வச்ச தாளு அப்படியே கெடந்துச்சு. எடுத்துட்டேன்னு சொன்னேன். எடுக்கலங்க."

நான் வாயைத் திறந்தேன். அவன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். எந்தப் பியூஸ் எதற்குப் போகிறது என்று முதலாளிக்குத் தெரியாது. அதை நம்பினார். நம்பாமல் அவரால் உயிரோடு இருந்திருக்க முடியாது.

"எறங்குங்க" என்றார். "இனி ஏன்ட வாசல மிதிக்க வேணாம்."

"புள்ள படுக்குற அறை பாக்கி இருக்குங்க. முடிச்சிட்டுப் போயிர்றேன்."

இரண்டு மணி நேரம் வேலை செய்தான். முதலாளி சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதார்.

வழியெல்லாம் அவனைத் திட்டினேன். பைத்தியக்காரா என்றேன். அவன் சொன்னது இவ்வளவுதான்: "பொண்டாட்டி குளுருல நடுங்குறத பாக்க முடியாம வச்சாரு. அது அவருக்குத் தெரிய வேணாம். காட்டிக் குடுத்தது நான்தானே, வீரய்யா."

அதன்பிறகு கடைவீதியில் யாரும் அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை. ஆளைக் கொன்றவன் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவன் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை. மூன்று வருஷத்தில் ஈரல் வீங்கிச் செத்தான்.

சாவு ஊர்வலம் கடைவீதி வழியாகத்தான் போகவேண்டும். பிணம் போகும்போது கடைக்காரர்கள் கதவைப் பாதி சாத்தி எழுந்து நிற்பது எங்கள் ஊர் வழக்கம். அவனைத் திட்டியவர்கள்கூடச் சாத்தினார்கள். சரிபுதீன் முதலாளியின் கதவு மட்டும் அகலத் திறந்திருந்தது. உட்கார்ந்து பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. பாடை என் தோளில் இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டுப் போய் அவர் சட்டையைப் பிடித்து உண்மையைக் கத்திவிடவேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. அவர் பக்கத்தில் செரீபா நின்று பையை விரித்துப் பிடித்திருந்தாள். நான் தோளை மாற்றிக்கொண்டு நடந்தேன்.