ஆமைக்கு ஒரு வெயில்

விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டில் ஆளில்லாத நேரத்தில் எந்த விளக்கும் எரிந்தது கிடையாது. அப்பா பட்டாசு கம்பெனியில் போர்மேன். கல்யாணத்துக்குக் கிளம்பினாலும் சரி, தெருமுனைக் கடைக்குப் போனாலும் சரி, அடுப்பைத் தொட்டுப் பார்ப்பார், சாமி விளக்கைக் குளிர வைப்பார், கடைசியாக மெயினை இறக்குவார். ஃபிரிட்ஜில் பால் திரிந்துபோவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். பஸ் வந்து நிற்கும், அப்பா வரமாட்டார். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போம். எங்கேயாவது ஒரு கம்பெனியில் விபத்து நடந்த நாளில் மட்டும் யாரும் அவரைக் கேலி செய்வதில்லை.

நான் இப்போது ஸ்காட்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தனியாக இருப்பதால் ஓர் ஆமைக்குஞ்சு வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும். நல்ல வெயில் அடிக்கும் நாட்டு இனம் அது. இங்கேயோ சூரியன் தலையைக் காட்டுவதே பெரிய விஷயம். அதனால் அதன் மரத்தொட்டியின் ஒரு முனையில் சூடான பல்பு ஒன்று, மேலே வெயிலுக்குப் பதிலாக ஒரு டியூப் லைட். காலையில் போட்டால் சாயங்காலம் வரை எரிய வேண்டும். உடம்பு சூடானால்தான் அது தின்னும், தின்றது செரிக்கும், ஓடு வளரும். வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைப்பேன், கீரை நறுக்கிப் போடுவேன், ஞாயிற்றுக்கிழமை சமையல் தராசில் எடை பார்ப்பேன். குழந்தை வளர்க்கிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம்.

தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருந்த சமயத்தில் அப்பா வந்தார். கடலும் பனியும் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. வந்ததும் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

“என்ன தாயி, ஆமையப் போயி வீட்டுக்குள்ள வச்சிருக்க? ஊர்ல கேட்டா என்ன சொல்லுவாக?”

“ஊருக்குச் சொல்லாதீக.”

நான் வாங்கி வைத்திருந்த ஜாக்கெட்டையும் அவர் போடவில்லை. நைலான் துணியில் பொறி வருமாம். கம்பெனிக்குள் பருத்தி தவிர வேறு துணிக்கு இடமில்லை, அந்தச் சட்டம் ஸ்காட்லாந்துக்கும் செல்லும் என்பது அவர் முடிவு. சட்டைக்கு மேல் சட்டையாகப் போட்டுக்கொண்டு தினமும் கடற்கரைக்கு நடந்தார்.

அப்பா வந்து கொஞ்ச நாளில் ஆமை கீரையைத் தொடுவதை விட்டது. தராசில் எடை குறைந்தது. கழுத்தை வெளியே நீட்டுவதே இல்லை. கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நோய் எதுவும் இல்லை, இது குளிரில் கிடக்கிறது, இப்படியே விட்டால் தங்காது என்றார். பகல் முழுவதும் விளக்கு எரிகிறது என்று நான் அடித்துச் சொன்னேன். தினமும் நான் வேலைக்குப் போகும்போதும் திரும்பி வரும்போதும் அது எரிந்துகொண்டுதானே இருந்தது.

மறுநாள் மதியமே வீடு திரும்பினேன். வீடு இருட்டாக இருந்தது. பல்பைத் தொட்டேன், ஜில்லென்றிருந்தது. அப்பா நடை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே சுவிட்சைப் போட்டார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

“தினமும் நீங்கதான் அணைச்சீகளா?”

“ஆமா தாயி. ஆள் இல்லாம எப்படி எரிய விட? வந்ததும் போட்ருவேன்ல.”

“அது செத்துப்போகும்ப்பா! இதென்ன கம்பெனியா?”

“தீப்பிடிக்கிற வரைக்கும் எல்லாக் கம்பெனியும் இப்படி அமைதியாத்தான் தாயி இருக்கும்.”

இந்த விளக்குதான் அதற்கு வெயில், பகலெல்லாம் அதில் காய வேண்டும் என்றேன். அவர் தொட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். “காயப்போட்ருக்கன்னு நீ சொல்லவே இல்லையே” என்றார். “காயப்போட்டா ஆள் இருக்கணும்.”

கம்பெனியில் மருந்து அடைத்த வெடியை மேடையில் வெயிலில் காயப்போடுவார்கள். அது காயும் வரை ஓர் ஆள் அங்கே இருப்பார். மறுநாளிலிருந்து அப்பா கடற்கரைக்குப் போகவில்லை. தொட்டி அருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பல்புக்குக் கம்பி வலை இருக்கிறது, சூடு மிஞ்சினால் தானாக நிற்கும் என்றெல்லாம் விளக்கினேன். தலையை ஆட்டினார், எழுந்திருக்கவில்லை. பனி விழுந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் ஆமை தின்ன ஆரம்பித்தது. வேலையிடத்துக்குப் போன் செய்து, “இன்னைக்கு நல்லாக் காயுது, கீரை அம்புட்டும் காலி” என்பார். எடை ஏறியது.

அவர் ஊருக்குக் கிளம்பும் நாள் வந்தது. டாக்ஸி வாசலில் நின்றது. ஏர்போர்ட் வரை கூடப் போக நானும் கோட்டை மாட்டினேன். அப்பா பெட்டியைக் கீழே வைத்தார்.

“நீ எங்க வார? அது காயுதுல்ல.”

“கொஞ்ச நேரம் அணைச்சிட்டு வர்றேன்ப்பா. ஒண்ணும் ஆகாது.”

அவர் கை சுவிட்ச் பக்கம் போனது. போட்டதை அணைக்கத்தான் என்று நினைத்தேன். நான் அணைத்துவிடாதபடி அதை மறைத்துக்கொண்டு நின்றார்.

“வேண்டாம் தாயி. நான் அணைச்சது போதும்.”

ஏர்போர்ட்டில் உதவிக்கு ஆள் சொல்லி வைத்திருந்தேன் என்றாலும், ஆங்கிலம் தெரியாத மனிதர் தனியாகத்தான் டாக்ஸியில் ஏறினார். எனக்கு அழுகை வந்தது. ஜன்னலில் நின்று டாக்ஸி திரும்பும் வரை பார்த்துவிட்டு, கோட்டைக் கழற்றாமலே அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆமை கால்களை நீட்டிக் காய்ந்துகொண்டிருந்தது.