முழு எண்தானா என்று கேட்ட பிலோமினா அக்கா

ஜுருவில் ஒரு பட்டறையில் காடிக்கு டயர் மாற்றக் காத்திருந்தபோது செய்தி வந்தது. எங்கள் பழைய அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி: "பிலோமினா அக்கா இன்னிக்குக் காலைல தவறிட்டாங்க." எனக்கு அழுகை வரவில்லை. அக்காவிடம் கடைசியாக எப்போது பேசினேன் என்று கைப்பேசியில் தேடினேன். நான் கூப்பிட்ட அழைப்பு ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு இத்தனை மாதங்களில் ஒன்றுமில்லை.

ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கிய சிறிய நிறுவனத்தில் நாங்கள் இருவரும் இணையப் பக்கங்கள் எழுதினோம். பக்கத்துப் பக்கத்து மேசை. அவர் எழுதியதை நானும் நான் எழுதியதை அவரும் சரிபார்க்க வேண்டும். சண்டை இல்லாத நாளே கிடையாது.

ஒரு விருந்துக்கான பதிவுப் பக்கம் இன்னும் நினைவில் நிற்கிறது. 'எத்தனை பேர் வருகிறீர்கள்?' என்று ஒரு பெட்டி. முழு எண்ணை மட்டும்தான் ஏற்க வேண்டும். பெட்டியில் அடிப்பது எழுத்தாகத்தான் வந்து சேரும். அதை எண்ணாக மாற்றி, முழு எண்தானா என்று சோதிக்க எழுதியிருந்தேன். இரண்டரை என்று போட்டால் மறுத்தது. பெயரை அடித்தால் மறுத்தது. பெருமையாகக் காட்டினேன். அக்கா பெட்டியில் எதையும் எழுதாமல் பட்டனை அழுத்தினார். பக்கம் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொண்டது: வருபவர்கள் சைபர்.

"காலியா இருந்தா அது சைபர்னு எடுத்துக்குது அக்கா. சைபரும் முழு எண்தானே?" என்றேன்.

"நம்ம வாயில காலியும் கோசோங், சைபரும் கோசோங். கம்ப்யூட்டர்ல அப்படி இருக்கக் கூடாது லா. எழுதாம விட்டவன் வரலன்னு சொல்லல தம்பி. இன்னும் பதில் சொல்லல, அவ்ளோதான்."

இரண்டரை பேர் என்று போடுகிறவர்களுக்கு நான் வைத்திருந்த 'தவறான உள்ளீடு' என்ற அறிவிப்பையும் அவர் விடவில்லை. "யாரப் பாத்து தவறுன்னு சொல்ற?" என்று அதை அழித்துவிட்டு, 'பாதி ஆள் வர முடியாதுங்க, முழு எண்ணாகப் போடுங்க' என்று மாற்றினார். விருந்து வைத்தவர் அதைப் பார்த்துச் சிரித்து, அப்படியே இருக்கட்டும் என்றார்.

பிறகு வேலை குறைந்தது. எங்கள் இருவரில் ஒருவர்தான் இருக்க முடியும் என்றார் முதலாளி. அக்கா அந்த ஆண்டு அடிக்கடி விடுப்பு எடுத்திருந்தார். உடம்பு சரியில்லை என்பார். என்ன என்று நான் கேட்டதில்லை. போகச் சொன்னது அவரைத்தான். சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டே, "மொகத்த ஏன் இப்படி வச்சிருக்க? நீயா என்னைப் போகச் சொன்ன?" என்று கேட்டார். நான் சொல்லவில்லைதான். ஆனால் என் பெயர் இல்லை என்று தெரிந்ததும் எனக்குள் வந்த நிம்மதி, இன்றைக்கும் நினைக்கக் கூசுகிறது.

அந்தக் கடைசி அழைப்புக்கு வருகிறேன். சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு, சாமான்கள் வரவழைக்கும் பக்கத்தை நான் எழுதியிருந்தேன். ரத்தம் சுத்திகரிக்கும் வடிகட்டிகளுக்கு 15 பெட்டி என்று போட வந்த தாதி, கை தவறி 1.5 என்று அடித்துவிட்டார். பக்கம் மறுக்கவில்லை. வந்து இறங்கியது ஒரே பெட்டி. மறுநாள் காலை நோயாளிகள் வந்துவிடுவார்கள். வேறு மையத்தில் இரவல் வாங்க ஓடிக்கொண்டே என்னைத் திட்டினார்கள். என்ன நடந்தது என்று எனக்குப் புரியவே இல்லை. அக்காவைக் கூப்பிட்டு நிரலைப் படித்துக் காட்டினேன்.

"நிறுத்து. அந்தக் கட்டளை புள்ளி வரைக்கும் படிச்சிட்டு மிச்சத்த வெட்டிரும். 1.5 ஒண்ணா ஆனதுக்கப்புறம்தான் நீ சோதிக்கிற. வெட்டிட்டு முழுசா இருக்கான்னு கேட்டா, முழுசாதான்லா இருக்கும்!"

"இப்ப என்ன பண்றது அக்கா?"

"காலியான்னு மொதல்ல பாரு. அப்புறம் வந்தத வந்தபடியே எண்ணா மாத்து. முழு எண்ணான்னு கேளு. இல்லன்னா திருப்பி அனுப்பு. நீயா திருத்தாத."

பின்னால் ஏதோ பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "பாசார்ல, காய் வாங்குறேன். லோரி ரிவர்ஸ் எடுக்குறான்," என்று சிரித்தார். நன்றி சொன்னேனா என்பது நினைவில்லை. வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

செய்தி கேட்டுப் போனபோது, ஆயர் ஈத்தாமில் அக்கா குடியிருந்த அடுக்குமாடியின் கீழே கூடாரம் போட்டு அவரைக் கிடத்தியிருந்தார்கள். ஜெபமாலை முடிந்ததும் அவர் கணவர் சேவியர் அண்ணன் என் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நீ கூப்பிட்டப்ப ஆஸ்பத்திரில இருந்தா தம்பி. மருந்து ஏறிக்கிட்டிருந்துச்சு. சொல்லக் கூடாதுன்னு எனக்குக் கண்ணக் காட்டிட்டா."

என் முகம் எப்படி மாறியதோ, அவர் என் தோளைத் தொட்டார். "வருத்தப்படாத. ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்னிக்குத்தான் நல்லா சாப்பிட்டா. வேலைக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்குன்னா." பிறகு கேட்டார்: "அந்தப் பிரச்சன சரியாயிடுச்சா? தம்பி கூப்பிட்டானா, கூப்பிட்டானான்னு கேட்டுக்கிட்டே இருந்தா."

ஆஸ்பத்திரியில் இருந்தவரைத் தொந்தரவு செய்ததைக்கூட மன்னித்துக்கொள்ள முடிந்திருக்கும். நான் மறுபடி கூப்பிடவில்லை. அன்று சாயங்காலமே சரியாகிவிட்டது, சரியானதால்தான் கூப்பிடவில்லை.

"சரியாயிடுச்சு அண்ணே," என்றேன்.

அவர் எழுந்து சவப்பெட்டியருகே போனார். அடுப்படியில் நிற்பவரிடம் சொல்வதுபோலச் சாதாரணக் குரலில், "கேட்டியா? சரியாயிடுச்சாம்," என்றார்.

அக்கா சொன்ன வரிசையில் எழுதிய நிரல் அந்த மையத்தில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அக்காவின் நினைவாக நான் வைத்துக்கொள்கிறேன். சேவியர் அண்ணன் சொன்ன அந்த இரண்டு வார்த்தைகளையும் வைத்துக்கொள்கிறேன். அவை அன்று சாயங்காலமே நான் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டியவை.